தட்டில் இல்லாதது எது?

மூன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கும் ஒரு குழந்தையிடம் உணவின் வகைகள் யாவை என்று கேட்டால், ஆற்றல் தரும் உணவு, உடலை வளர்க்கும் உணவு, நோயினின்று காக்கும் உணவு என்று மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு உதாரணம் எழுதச் சொன்னால், அரிசியும் உருளைக்கிழங்கும், பருப்பும் முட்டையும், கீரையும் பழமும் என்று வரிசை தவறாமல் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறது. அதே குழந்தை நண்பகலில் தன் டிபன் டப்பாவைத் திறந்து, எலுமிச்சம்பழச் சாதத்தையும் உருளைக்கிழங்கு வறுவலையும் கண்டு உண்ணத் தொடங்கும்போது, காலையில் தான் எழுதிய விடைக்கும் இப்பொழுது தன் முன்னால் இருக்கும் ஆகாரத்துக்கும் ஏதேனும் சம்பந்தம் உண்டென்று கனவிலும் நினைப்பதில்லை. குழந்தையைக் குறை கூறுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. பெயர்களைக் கற்பித்த நாம், அந்தப் பெயர்களைக் கொண்டு தன் தட்டைப் பார்க்கும் வழக்கத்தை அதற்குக் கற்பிக்கவில்லை.

ஆகார விஷயத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைப்பதற்காகவே இதை எழுதுகிறேன். பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதற்கு முன்னால், ‘இந்தத் தட்டில் இல்லாதது எது?’ என்று கேட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் குழந்தைக்கு உண்டாக்கிவிட வேண்டும். இது நான் புதிதாகக் கண்டுபிடித்த உபாயம் ஒன்றும் இல்லை. போஷணை பற்றிய விஞ்ஞானமே, இல்லாத ஒன்றைத் தேடத் துணிந்தவர்களால் பிறந்ததுதான். அந்த வரலாற்றில் நம் நீலகிரி மலைக்கும், நம் வீட்டுப் புழுங்கலரிசிக்கும்கூடப் பங்கு உண்டு.

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், டச்சுக்காரர்கள் ஆண்டுவந்த ஜாவாத் தீவில், கால்கள் மரத்து, தேகம் தளர்ந்து, இருதயம் ஓய்ந்து மனிதர்கள் மடியும் பெரிபெரி என்ற வியாதி பரவியிருந்தது. பாஸ்டர், கோக் என்ற விஞ்ஞானிகள் நுண்கிருமிகளைக் கண்டறிந்து உலகை வியப்பில் ஆழ்த்தியிருந்த காலம் அது. ஆகையால் இந்த வியாதிக்கும் ஏதோ ஒரு கிருமியே காரணமாயிருக்க வேண்டும் என்று எண்ணி, அதைத் தேடும் பணியில் ஈடுபட்டார் கிறிஸ்தியான் எய்க்மன் என்ற மருத்துவர். பட்டேவியாவில் அவருடைய ஆராய்ச்சிசாலையில் வளர்ந்த கோழிகள், அதே வியாதி கண்டவைபோல் கால் தள்ளாடி விழத் தொடங்கின. சில மாதங்கள் கழித்து, எந்த மருந்தும் இல்லாமலே எழுந்து நடக்கவும் தொடங்கின. காரணத்தை விசாரித்தபோது, ராணுவ மருத்துவமனையின் சமையலறையில் மிஞ்சிய வெள்ளையரிசிச் சோறு அந்தக் கோழிகளுக்குத் தீனியாகப் போடப்பட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் ராணுவத்தாருக்குரிய சோற்றைக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டதால் அவை மீண்டும் தீட்டாத அரிசியைத் தின்னத் தொடங்கியதும் தெரியவந்தன. இத்தனையும் கண்ட பின்னரும் எய்க்மன், வெள்ளையரிசியில் ஏதோ ஒரு நஞ்சு இருக்கிறது, அதன் மேல்தோலில் அந்த நஞ்சுக்கு மாற்று இருக்கிறது என்றே முதலில் கருதினார். தோலோடு போய்விடும் ஏதோ ஓர் அவசியமான பொருள் இல்லாமற் போவதுதான் வியாதி என்பதை, அவருக்குப் பின் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்த கெரிட் கிரெய்ன்ஸ் என்பவரே 1901-ல் தெளிவாகச் சொன்னார். ஒன்று வந்து சேர்வதால் நோய் உண்டாகும் என்று மட்டுமே அறிந்திருந்த வைத்திய உலகம், ஒன்று வராமலிருப்பதாலும் நோய் உண்டாகும் என்பதை ஏற்றுக்கொள்வதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. பிற்காலத்தில் வைட்டமின் என்று பெயர் பெற்ற பொருள்களின் கதை இவ்வாறு தொடங்கியது. எய்க்மனுக்கு நோபல் பரிசு 1929-ல் கிடைத்தது.

நம் பக்கத்தில் இந்த வேலை குன்னூரில் நடந்தது. அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில், 1918-ல், ஒரே ஓர் அறையில், பெரிபெரி பற்றிய விசாரணையைத் தொடங்கினார் ராபர்ட் மக்காரிசன் என்ற மருத்துவர். அன்றைய சென்னை மாகாணத்தின் வடபகுதியில், பச்சரிசியை நன்றாகத் தீட்டி உண்ட தெலுங்குக் கரையோர மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. அதே மாகாணத்தின் தென்பகுதியில், அரிசியையே பிரதானமாக உண்ட தமிழர்களிடையே அது அரிதாயிருந்தது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைத்துக் குத்தும் நம் வழக்கமே இந்த வித்தியாசத்துக்குக் காரணம். அவிக்கும்போது தவிட்டுப் பகுதியில் உள்ள பி-வைட்டமின் அரிசியின் உள்ளே ஊடுருவிவிடுவதால், பின்னால் தீட்டினாலும் முழுவதும் போய்விடுவதில்லை. எந்தச் சாஸ்திரமும் படித்தறியாத பெண்கள், நெல் அவிக்கும் அண்டாவின் முன்னால் நின்று, தலைமுறை தலைமுறையாகத் தங்கள் மக்களை ஒரு கொடிய வியாதியினின்று காத்துவந்திருக்கிறார்கள் என்பதை நம் குழந்தைகளுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது?

மக்காரிசன் அத்துடன் நிற்கவில்லை. இந்தியாவின் பல பிரதேசத்து மக்கள் உண்ணும் ஆகாரங்களை அப்படியே தயாரித்து, வெவ்வேறு கூட்டமாகப் பிரித்த எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை நிறுத்துப் பார்த்தார். கோதுமை ரொட்டியும் பாலும் வெண்ணெயும் பருப்பும் காய்கறியும் கலந்த சீக்கியர் உணவை உண்ட எலிகள் எல்லாவற்றிலும் புஷ்டியாக வளர்ந்தன. சோற்றை மலைபோலக் குவித்து மற்றவற்றைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கே வைத்துக்கொண்ட மதராசி உணவை உண்டவை கடைசியாக நின்றன. இந்த முடிவைக் கேட்டு அரிசியைப் பழிப்பது தவறு. சோற்றுக்குத் துணையாக வர வேண்டிய பாலும் பருப்பும் கீரையும் பழமும் வராமல் இருந்ததே அந்த எலிகள் மெலிந்ததற்குக் காரணம். மக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டு, இந்திய உணவுப் பொருள்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற அட்டவணையை 1937-ல் வெளியிட்டார். 1958-ல் அந்த ஆராய்ச்சிசாலை ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரில் விளங்குகிறது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் அதன் இயக்குநராயிருந்து, நாட்டின் ஏழைக் குழந்தைகளின் பசியையும் போஷணைக் குறைவையும் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தார்.

இவ்வளவு வரலாற்றையும் சொன்னதற்குக் காரணம் உண்டு. உணவை இத்தனை பிரிவுகள் என்று வகுப்பது மனிதர்கள் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. வானத்தில் எழுதப்பட்ட விதி ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் 1916-ல் கரோலின் ஹண்ட் என்ற அம்மையார் சிறு குழந்தைகளுக்காக எழுதிய வழிகாட்டியில் பிரிவுகள் ஐந்து. யுத்த காலத்தில் 1943-ல் அவை ஏழாயின. 1956-ல் நான்காகக் குறைந்தன. 1992-ல் கோபுர வடிவமாயின. 2011-ல் தட்டு வடிவம் எடுத்தன. ஜப்பானியப் பள்ளிகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்ற மூன்று நிறங்களாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு நாள் ஆகாரம் குறைந்தது எட்டு வகைப் பொருள்களிலிருந்து வர வேண்டும் என்றும், தட்டின் பாதியைக் காய்கறியும் கீரையும் கிழங்கும் பழமும் நிரப்ப வேண்டும் என்றும், தானியத்திலிருந்து வரும் சக்தி நூற்றுக்கு 45 பங்குக்கு மேற்படாதிருப்பது நலம் என்றும் கூறப்பட்டிருக்கிறது. ஆகவே, பிரிவுகள் மூன்றா ஐந்தா எட்டா என்று குழந்தையைப் பரீட்சை செய்வதில் பயன் ஒன்றும் இல்லை.

கூர்மையான குழந்தை ஒன்று, ‘நிலக்கடலை எந்தப் பிரிவு?’ என்று கேட்டால் ஆசிரியர் திகைப்பதை நாம் பார்க்கிறோம். எண்ணெய் இருப்பதால் ஆற்றல் தருவது. புரதம் இருப்பதால் வளர்ப்பது. முருங்கைக்கீரை காக்கும் உணவு என்று புத்தகம் சொல்லும்; ஆனால் எலும்பை வளர்க்கும் சுண்ணாம்புச்சத்தும் அதில் நிறைய உண்டு. கேழ்வரகு தானியம்தான் என்றாலும், 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதே எடைப் பசும்பாலில் இருப்பது சுமார் 120. இப்படிப்பட்ட கேள்வி எழுந்தால் ஆசிரியர் மகிழ வேண்டும். ஒரு பொருள் இரண்டு மூன்று வேலைகளைச் செய்ய முடியும் என்று குழந்தை உணரும் அந்தக் கணத்தில், ஒப்பித்தல் போய் யோசனை வந்துவிடுகிறது.

இனி, கேள்வியை எப்படிப் பழக்குவது? பள்ளி விட்டு வந்த குழந்தையிடம், ‘முழுக்கச் சாப்பிட்டாயா?’ என்று மட்டுமே நாம் கேட்கிறோம். அதற்குப் பதிலாக ஒரு தாய், “கண்ணு, இன்னைக்கு உன் டப்பால எது வரலை, சொல்லு பார்க்கலாம்?” என்று கேட்கட்டும். “காய் வரலைம்மா” என்று குழந்தை சொல்லும். “அப்போ ராத்திரிக்கு என்ன வேணும்?” என்றால், “அவரைக்காய்!” என்றோ, “கேரட்!” என்றோ பதில் வரும். சில நாட்களில் கேள்வியைத் தாய் கேட்கவே வேண்டியிராது. குழந்தையே தட்டைப் பார்த்ததும், ‘தயிர்ச்சாதம் இருக்கிறது, ஊறுகாய் இருக்கிறது, காயைக் காணோம்’ என்று அறிவிக்கத் தொடங்கும். இந்த விளையாட்டில் குழந்தையைக் கண்டிக்க இடமில்லை. குறை தட்டினுடையது, அதைக் கண்டுபிடிக்கும் பெருமை குழந்தையுடையது. மேலும், ஒரு வேளையில் விடுபட்டதை அடுத்த வேளையில் சேர்த்துக்கொள்ளலாம் என்பதால், ஒவ்வொரு வேளையும் பூரணமாக இருக்க வேண்டும் என்ற கவலையும் தாய்க்கு வேண்டியதில்லை.

சேர்க்கைகளையும் இதே முறையில் காட்டலாம். அரிசியின் புரதத்தில் லைசின் என்ற பகுதி குறைவு; பருப்பின் புரதத்தில் அது நிறைவு; பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லி மாவில் உளுந்தும் அரிசியும் சேர்வதும், பொங்கலில் பாசிப்பருப்பு விழுவதும், அடைக்கு நாலைந்து பருப்புகளை ஊறப்போடுவதும் ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பும் ஏற்பாடுகளாக அமைந்துவிட்டன. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்தை நம் குடல் சிறிதளவே உறிஞ்சிக்கொள்ளும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா முதலியவற்றின் புளிப்போடு வரும் வைட்டமின் சி உடனிருந்தால் கூடுதலாக உறிஞ்சும். சாப்பிட்ட உடனே தேநீரோ காபியோ குடித்தால் குறைந்துவிடும். மஞ்சள் நிறக் காய்களிலும் கீரைகளிலும் உள்ள கரோட்டின் உடலில் சேர்வதற்குச் சிறிது எண்ணெயோ நெய்யோ வேண்டும். ஆகையால் கீரையைத் தாளிப்பது சுவைக்காக மட்டும் அன்று. உலர்ந்த பச்சைப்பயற்றில் இல்லாத வைட்டமின் சி, அதை நனைத்துத் துணியில் கட்டி முளைகட்டினால் உண்டாகிறது. வகுப்பறை ஜன்னலோரத்தில் ஒரு கிண்ணத்தில் இதைச் செய்துகாட்டி, முளை விட்டதை எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்தால், அந்தப் பாடத்தைக் குழந்தைகள் எளிதில் மறக்கமாட்டார்கள்.

ஆனால், இல்லாததைக் குழந்தை அறிந்துகொண்டால் மட்டும் போதாது. அது தட்டுக்கு வந்தபின் வாய்க்குள் போக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் யுத்தம் தொடங்கும் இடம் இதுவே. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர், பால் மறந்த பருவத்துச் சிசுக்கள் 15 பேரை 1926 முதல் சில ஆண்டுகள் கவனித்து, பால், முட்டை, மாமிசம், தானியம், காய், பழம் என்று முப்பதுக்கு மேற்பட்ட எளிய பண்டங்களை அவர்கள் முன் வைத்து, தாதியர் எதையும் சுட்டிக்காட்டவோ வற்புறுத்தவோ கூடாது என்று விதித்து, குழந்தை தானே தேர்ந்தெடுத்து உண்ணும்படி விட்டார். ஒரு வேளை ஒன்றையே நிறையத் தின்பதும், மறு வேளை அதைத் தொடாமல் விடுவதுமாக விசித்திரமாக உண்ட அக்குழந்தைகள் எல்லோரும் ஆரோக்கியமாகவே வளர்ந்தார்கள். இதைக் காட்டி, குழந்தை விருப்பம்போல் எதையும் தின்னலாம் என்று சிலர் வாதிப்பதுண்டு. டேவிஸ் அம்மையார் அவ்வாறு சொல்லவில்லை. சர்க்கரையும் பக்குவப்படுத்தி அடைத்த பண்டங்களும் இல்லாத அந்தப் பட்டியலைத் தயாரித்ததில்தான் பரிசோதனையின் ரகசியம் இருக்கிறது என்பதை அவரே கூறினார். எதை எப்பொழுது தட்டில் வைப்பது என்பது பெரியவர்களின் பொறுப்பு. உண்பதா, எவ்வளவு உண்பது என்பது குழந்தையின் உரிமை.

பிற்காலத்தில் லியான் பர்ச் என்ற உளவியல் அறிஞர் செய்த ஆராய்ச்சிகள் இன்னும் இரண்டு விஷயங்களைத் தெளிவாக்கின. புதிய உணவைக் குழந்தை மறுப்பது இயல்பு. பத்துத் தடவை, அதற்கு மேலும்கூட, வற்புறுத்தாமல் சிறிது சிறிதாக முன்வைத்து ருசி பார்க்கச் செய்தால்தான் அது பழகிப்போகும். மூன்று தடவை பாகற்காயை வைத்துப் பார்த்துவிட்டு, ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று தீர்ப்பெழுதிவிடும் நாம், ஏழு தடவை முன்னதாகவே முயற்சியைக் கைவிட்டவர்கள் ஆகிறோம். ‘கீரையைத் தின்றால் சாக்லேட் தருவேன்’ என்று பேரம் பேசும்போது, கீரை கூலி கொடுத்தாலன்றித் தின்னத் தகாத பொருள் என்பதையும், சாக்லேட்டே உயர்ந்தது என்பதையும் குழந்தைக்கு நம் வாயாலேயே போதித்துவிடுகிறோம். அப்படிப் பரிசு கொடுத்து உண்ணவைத்த உணவின்மீது குழந்தைகளின் விருப்பம் குறைந்ததை அந்த ஆராய்ச்சிகள் காட்டின. காய்கறிச் சந்தைக்கு அழைத்துப்போய், தனக்குப் பெயர் தெரியாத ஒரு காயைக் குழந்தையே பொறுக்கி எடுக்கும்படி விட்டு, அதைக் கழுவவும் நறுக்கவும் தாளிக்கவும் கூட நிறுத்திக்கொண்டால், அந்தக் காய்க்கு வீட்டில் ஒரு வக்கீல் கிடைத்துவிடுகிறார்.

பள்ளியைப் பொறுத்தமட்டில், தமிழ்நாட்டுக்கு ஒரு பெரும் பாக்கியம் உண்டு. 1920-ல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்ததும், காமராஜர் 1956-ல் பகலுணவை மாநிலமெங்கும் கொண்டுசென்றதும், 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதும், 2022 செப்டம்பரில் காலை உணவு சேர்ந்ததும் எல்லோரும் அறிந்தவையே. நான் கவனிக்கச் சொல்வது, அந்தத் தட்டு ஆண்டுக்கு ஆண்டு எப்படி நிறைந்துவந்தது என்பதை. சோறும் சாம்பாருமாயிருந்த தட்டில், 1989-ல் இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை ஒரு முட்டை வந்தது. படிப்படியாக உயர்ந்து 2010-ல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் என்று ஏற்பாடாயிற்று. கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் இடம்பெற்றன. ஆறு கிராம் புரதத்தை ஒரு முட்டை சுமந்துவரும். ‘இத்தட்டில் இல்லாதது எது?’ என்று அரசாங்கமே ஒவ்வொரு காலத்தும் கேட்டுக்கொண்டு விடை கண்டதன் பயன் அது. ஆயினும் பல பள்ளிகளில் சத்துணவு வேளையைப் பாடவேளைகளுக்கு நடுவில் கழிந்துபோகும் இடைவேளையாகவே கருதுகிறார்கள். ஆசிரியர் ஒருவர் குழந்தைகளோடு அமர்ந்து அதே சோற்றை உண்டு, சமையற்கார அம்மாவை வகுப்புக்கு அழைத்து, இன்று சாம்பாரில் என்ன காய் போட்டார், ஏன் போட்டார் என்று சொல்லச் சொன்னால், அறிவியல் புத்தகத்தின் அந்த அத்தியாயத்தைத் தனியே நடத்த வேண்டிய அவசியமே இராது. தோட்டத்துக்கு இடமுள்ள பள்ளியில் ஒரு முருங்கையும் ஒரு பப்பாளியும் நட்டுவிட்டால் இன்னும் சிறப்பு.

இக்காலத்தில் இல்லாததைப் போலவே மிஞ்சியதையும் பார்க்கப் பழக்க வேண்டியிருக்கிறது. பள்ளி வாசலிலும் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்கும் பளபளப்பான பாக்கெட்டுகள் மாவு, எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றையே வேறு வேறு உருவத்தில் தருகின்றன. அவற்றை ‘விஷம்’ என்று பயமுறுத்துவதால் ஆசைதான் பெருகும். குண்டாகிவிடுவாய் என்று உடம்பைச் சுட்டிப் பேசுவதோ, குழந்தையின் மனத்தில் நெடுங்காலம் ஆறாத புண்ணை உண்டாக்கும். கணக்குப் போடத் தெரிந்த பிள்ளைக்குப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தால் போதும். 300 மில்லிலிட்டர் இனிப்புக் குளிர்பானங்கள் பலவற்றில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை இருக்கிறது; ஒரு தேக்கரண்டிக்கு நான்கு கிராம் என்று வைத்து, ஏழு கரண்டிக்கு மேற்பட்ட சர்க்கரையைக் குழந்தை தானே ஒரு டம்ளரில் அளந்து போட்டுப் பார்க்கட்டும்.

நாள் கூலியில் பிழைக்கும் வீட்டில் தட்டில் இல்லாததைக் கண்டுபிடித்து என்ன செய்வது என்று கேட்பது நியாயமே. அறிவுரை வருமானத்துக்கு ஈடாகாது. பள்ளித் தட்டும் அங்கன்வாடிச் சத்துமாவும் ரேஷன் பருப்பும் அதனால்தான் இன்றியமையாதவை. ஆயினும், விலையுயர்ந்ததே சத்துள்ளது என்ற எண்ணம் ஏழை வீட்டுக்குச் செய்யும் தீங்கு பெரிது. ஆப்பிள் வாங்க முடியவில்லையே என்று வருந்தும் தாய்க்கு, வேலியோரத்து முருங்கையும் பருவத்தில் மலிந்து கிடக்கும் கொய்யாவும் நெல்லியும், ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும் குறைந்த செலவில் அதிகம் தருவன என்பதை யாராவது மரியாதையோடு எடுத்துச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒரு விஷயம்; என் மனத்தில் மிகவும் உறுத்துவது. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கும், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சிய சோற்றையும் குழம்பின் அடியையும் வைத்துக்கொண்டு தாய் கடைசியில் உட்காரும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இன்றும் மாறவில்லை. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்குக் குழம்பு என்ற பாகுபாடும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. பத்து வயதைத் தாண்டும் பெண்ணுக்கு மாதவிலக்கு தொடங்கும்போது இரும்புச்சத்தின் தேவை கூடுகிறது; பள்ளியில் வாரத்துக்கு ஒன்று தரும் இரும்புச்சத்து மாத்திரை அதற்குத் துணைசெய்யும். தன் தட்டைப் பார்த்துப் பழகிய பையன் ஒருவன், ஒரு நாள் அடுக்களைக்குள் எட்டிப்பார்த்து, “அம்மா, உன் தட்டுல பொரியலே இல்லையே!” என்று கேட்பானானால், அன்றைக்கே அந்த வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இலை போட்டு, இருப்பதை முதலிலேயே சமமாகப் பங்கிட்டுப் பரிமாறத் தொடங்கிவிடலாம். அதற்குக் கூடுதலாகக் காசு செலவாவதில்லை.